இல்லாத செல்வி மாலா

ஜூலை 4, சனி

காலையிலிருந்தே புகைமூட்டம். துவைத்த துணியை வெளியில் போடவில்லை. தொண்டையில் கரகரப்பு. எதிர்வீட்டுக்காரன் இன்றும் காரை நம் கேட்டில் பாதி மறித்துத்தான் நிறுத்தியிருக்கிறான். தெரியாமல் செய்கிறான் என்கிறாள் புஷ்பா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரையாவது இவள் சந்தேகப்பட்டிருக்கிறாளா? என்னைத் தவிர?

வாட்ஸ்அப்பில் தினேஷின் 'கலையுலகில் இன்று'. கோழி கூவுகிறதோ இல்லையோ, இது வந்துவிடும். இன்று ஒரு படம் வெளியாகி எத்தனையாவது ஆண்டாம். ஒரு நாதஸ்வர வித்வானுக்கு நூற்றாண்டாம். ஒரு நாடகக் கொட்டகை இடிபட்ட நாளாம். இடிபட்டதற்குமா விழா?

இந்தத் தினேஷ் சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். ஓய்வு நேரத்தில் பழைய பாட்டு, பழைய குழு, எது எப்போது தொடங்கியது என்று தோண்டி எடுத்து ஆண்டு விழா நடத்துகிறான். இதில் இவனுக்கு என்ன வருகிறது? இன்னும் பிடிபடவில்லை.

இன்றைய பதிவின் கடைசி வரிதான் தூக்கிவாரிப் போட்டது. 'நமது கிள்ளான் பொன்வீணை இசைக்குழுவின் படகுத்துறைப் பாட்டுக்கு அடுத்த மாதம் ஐம்பது வயது. விழா விவரம் விரைவில்.'

நமதாமே! பாட்டு வந்தபோது இவன் அப்பாவே அரைக்கால் சட்டை.

பொன்வீணையில் மிச்சம் இருப்பது நான் ஒருவன். குழுத்தலைவன் ராஜு போய் நாளாயிற்று. அக்கார்டியன் செல்வமும் போய்விட்டான். தபேலாக்காரன் மகளோடு ஆஸ்திரேலியாவில், யாரையும் அடையாளம் தெரியாத நிலை. நான் பாங்கோஸ் வாசித்த குணசேகரன். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தெரியாததை இங்கே எழுதிவைக்கிறேன். படகுத்துறைப் பாட்டில் வரும் பெண் குரல் என்னுடையது.

பாட வேண்டியவள் ராஜுவின் மாமா மகள். ஒலிப்பதிவு அன்று காலை மாமா வாசலில் நின்றுகொண்டு, ஆம்பிளைகளோடு ரேடியோவுக்குப் போனால் காலை உடைப்பேன் என்றுவிட்டார். ராஜு என்னைப் பார்த்தான். எனக்குப் பத்தொன்பது வயது. பெண் குரலில் பாடி நண்பர்களைச் சிரிக்க வைப்பது வழக்கம். “டேய் குணா, நீ பாடுடா” என்றான். பாடினேன். படகுத்துறையில் ஒருத்தி புருஷனுக்காகக் காத்திருக்கிற பாட்டு. ரேடியோக்காரர்கள் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ராஜு யோசிக்கவே இல்லை, 'கிள்ளான் செல்வி மாலா' என்று எழுதி நீட்டினான். யாருடா மாலா என்று கேட்டேன். “யாரோ ஒருத்தி. நல்லா இருக்குல்ல?”

பாட்டு ஓடியது ஓடியது, அப்படி ஓடியது. செல்வி மாலாவுக்குக் கடிதம் கடிதமாக வந்தது. கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக்கூட ஒருவன் எழுதினான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எனக்கு வெட்கமாகிவிட்டது, சொல்லாதே என்று ராஜுவிடம் சத்தியம் வாங்கினேன். மீசை வளர்த்ததும் அப்போதுதான்.

இப்போது வெட்கம் போய்விட்டது. ஆசைதான் இருக்கிறது. சாவதற்கு முன் ஒரு மேடையில், அது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 7, செவ்வாய்

மழை வரும் போல் இருட்டி, வராமல் போனது. தேநீருக்குக் கறிபாப் வாங்கினேன். அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. கேட்டால் “அதே அளவுதான் அங்கிள்” என்கிறாள் கடைக்காரி. என் வாய்தான் பெரிதாகிவிட்டதாம்.

தினேஷ் போன்.

“அங்கிள், ஒரு சின்ன விஷயம் லா. செல்வி மாலா எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

எங்கேயோ இடிக்கிறது. தெரிந்துகொண்டே என் வாயைக் கிண்டுகிறானா? ராஜு சாகுமுன் யாரிடமாவது உளறினானா?

“தெரியாது தம்பி. ஏன்?”

“விழாவுல அவங்களுக்குத்தான் முக்கிய மரியாதை. நம்ம வட்டாரத் தலைவர் டத்தோ கையால பொன்னாடை. கண்டுபிடிச்சே ஆகணும்.”

“கிடைக்கலன்னா?”

“நாற்காலிய காலியா போட்டு வைப்போம் அங்கிள். செமையா இருக்கும்.”

காலி நாற்காலி! மனதுக்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. நிகழ்ச்சி நெறியாளர் 'செல்வி மாலா எங்கே' என்று கேட்கிறார். கூட்டம் அமைதி. நான் எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்காருகிறேன்.

பாத்ரூமில் பாடிப் பார்த்தேன். பல்லவி வருகிறது. மேலே போனால் கீச்சென்கிறது. கதவுக்கு வெளியே புஷ்பா: “என்னங்க, உள்ள யாரு பொம்பள?”

இவளுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் சொன்னேன். நம்பாமல் பாடிக் காட்டச் சொன்னாள், பாடினேன், அன்றைக்கு ஆரம்பித்த கிண்டல்.

ஜூலை 11, சனி

புகை கொஞ்சம் தெளிவு. கேஸ் தீர்ந்தது. பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

இன்றைய 'கலையுலகில் இன்று' இப்படி: 'கிடைத்துவிட்டார்! ஐம்பது ஆண்டுகளாக நாம் தேடிய கிள்ளான் செல்வி மாலா நம்மிடையே வாழ்கிறார்!' கீழே ஒரு புகைப்படம். என் வயதுப் பெண்மணி. நரைத்த கொண்டை, பச்சைச் சேலை, பெரிய கண்ணாடி. சிரிக்கவில்லை.

தேநீர் கையில் கொட்டியது.

நூற்றுக்கணக்கில் பூக்கள், கைகூப்பிகள். 'அம்மா உங்கள் குரல் தெய்வீகம்.' 'என் அப்பா இந்தக் குரலைக் கேட்டுத்தான் அழுவார்.' கிள்ளானில் ஒருவர், அந்தக் காலத்தில் இவர் மேடையில் பாடி நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். நேரில் பார்த்தாராம்! இல்லாத ஒருத்தியை!

புஷ்பா பார்த்துவிட்டு, “பாவம், நல்ல முகமா இருக்கே” என்றாள். நல்ல முகம். திருடுகிறவள் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவாள்?

ஜூலை 12, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. காலையில் கோவிலுக்குப் போகவில்லை.

யார் வேலை இது?

1. தினேஷ். நாற்காலி காலியாக இருந்தால் டத்தோவுக்கு வேலையில்லை, அதனால் ஆள் செட்டப் செய்திருக்கிறான்.

2. ராஜுவின் குடும்பம். ஆனால் அவன் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டே பிடிக்காது.

3. அந்தப் பெண்மணியே. பொன்னாடைக்கு ஆசை. படத்தில் பார்த்தால் ஆசைப்படுகிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் சந்தேகம்.

4. புஷ்பா. இல்லை, இது அதிகப்படி.

மகள் சுபாங்கிலிருந்து போன். “அப்பா, செல்வி மாலா கெடச்சிட்டாங்களாமே, உங்களுக்கு happyதானே? கூட வாசிச்சவங்களாச்சே.” ரொம்ப சந்தோஷம்மா என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜூலை 15, புதன்

பிற்பகல் நல்ல மழை. வாசல் சாக்கடை அடைப்பு. எதிர்வீட்டுக்காரன் தானே வந்து கம்பியால் குத்தி எடுத்துவிட்டான். எதற்கு இவ்வளவு கரிசனம் என்று தெரியவில்லை.

தினேஷுக்கு நானே போன் செய்தேன். சாதாரணமாகப் பேசுகிறவன் போல் குரலை வைத்துக்கொண்டு.

“எப்படித் தம்பி கண்டுபிடிச்ச?”

“நான் எங்க அங்கிள் கண்டுபிடிச்சேன். அவங்க மருமக நம்ம போஸ்ட்ட பாத்துட்டு கமெண்ட் போட்டாங்க. எங்க மாமி பேரு மாலா, கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவங்க, சின்ன வயசுல கோவில்ல பாடுவாங்கன்னு. உடனே போன் பண்ணேன். மாமியே எடுத்தாங்க. படகுத்துறைப் பாட்டு நீங்களாம்மான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“திரும்ப ஒருதரம் கேளுங்கன்னாங்க. அப்புறம், ஆமா, நான்தான்னாங்க. எனக்குப் புல்லரிச்சிடுச்சு லா.”

“பாடிக் காட்டச் சொல்லலையா?”

“அறுபது எழுபது வயசு ஆன்டிகிட்ட போய் proof கேக்கச் சொல்றீங்களா? என்ன அங்கிள், போலீசா நானு?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பாங்கோஸ் வாசித்த கிழவனுக்குப் பொறாமை என்பான். ஒரு மீசைக்காரன் 'நான்தான் செல்வி மாலா' என்றால் யார் நம்புவார்கள்? சாட்சி சொல்ல ராஜு இல்லை.

விலாசம் மட்டும் வாங்கிக்கொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ். நேரில் போய்ப் பிடித்தால்தான் சரி.

ஜூலை 18, சனி

கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல். வெயில். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் பூக்கடை, ஜோசியர், பாட்டுக் கடை, பார்வையில்லாதவர்களுக்கான மஞ்சள் தடம், அதன் மேலேயே மோட்டார் சைக்கிள். அரைக் கிலோ ஆரஞ்சு வாங்கினேன். வெறுங்கையோடு போனால் அவளுக்கு சந்தேகம் வரும்.

பழைய ஃபிளாட். லிஃப்டில் மலாய்க்காரர் ஒருவர் எந்த மாடி என்று கேட்டு பட்டனை அழுத்தினார். கதவைத் திறந்தது அந்தப் பெண்மணிதான். படத்தில் இருந்த அதே கண்ணாடி. என் பெயரைச் சொன்னேன், பொன்வீணையில் பாங்கோஸ் என்றேன்.

முகம் வெளுத்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் கதவை மூடவில்லை.

“வாங்கண்ணே. உக்காருங்க. மெதுவா பேசுங்க, எங்க அண்ணன் உள்ள இருக்காரு.”

உள்ளே டிவி சத்தம். கதவிடுக்கில் ஒரு சக்கர நாற்காலியின் கைப்பிடி. அண்ணன் பெயர் தங்கராஜ், எண்பது தாண்டிவிட்டது, அண்ணி போன பிறகு தங்கையோடுதான் இருக்கிறாராம். எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்? குறித்துக்கொண்டேன்.

சம்பிரதாயமாகத் தேநீர். நேராகக் கேட்டுவிட்டேன். “ஒரு வரி பாடுங்களேன். ஐம்பது வருஷமாச்சு கேட்டு.”

மறுப்பாள் என்று நினைத்தேன். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், பல்லவியிலிருந்து இரண்டாம் சரணம் வரை பாடினாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல். என் குரல் இல்லை. இரண்டாம் சரணத்தில் நடு வரியில் ஒரு மூச்சு எடுத்தாள்.

அந்த மூச்சு என்னுடையது. அன்றைக்கு எனக்கு மூச்சு முட்டி, எடுக்கக்கூடாத இடத்தில் எடுத்தேன். திரும்பப் பாட நேரம் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். தானாகப் பாடுகிற எவரும் அங்கே மூச்சு எடுக்க மாட்டார்கள். கேட்டு மனப்பாடம் செய்தவர்கள்தான் எடுப்பார்கள். மாட்டிக்கொண்டாள்.

“நீங்க பாடலம்மா” என்றேன்.

“இல்லதான்” என்றாள். அவ்வளவு எளிதாக.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“உண்மையான மாலாவக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தப் போறீங்களா?”

“அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. பேரு ராஜு சும்மா எழுதினது.”

“அப்ப பாடினது?”

மேடையில் சொல்ல வைத்திருந்ததை இந்தச் சமையலறை வாசலில் சொல்ல வேண்டியதாயிற்று. “நான்தான்.”

என் மீசையைப் பார்த்தாள். முதலில் சிரிப்பு. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு மாதிரி இல்லை.

“ஆம்பளையா? ஒரு ஆம்பள பாடினதுக்கா நான்…”

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடக்கூடாது.

“அப்பா இல்ல. எங்க அண்ணன்தான் எல்லாம். ரேடியோவுல கிள்ளான் செல்வி மாலான்னு சொன்னதும் குவார்ட்டர்ஸே எங்க வீட்டு வாசல்ல நின்னுச்சு. கிள்ளான்ல கோவில்ல பாடுற மாலா நான் ஒருத்திதானே. எனக்குத் தெரியாம எப்படி பாடுனே, எவன்கூட போனேன்னு அண்ணன் பெல்ட்ட எடுத்துட்டாரு. நான் இல்ல, நான் இல்லன்னு கத்துறேன். அம்மன் மேல சத்தியம் பண்ணேன். சிரம்பான்ல பேசி முடிச்சிருந்த இடம், ரேடியோவுல கண்டவனோட பாடுற பொண்ணு வேணாம்னுட்டாங்க. கோவில்ல பாடுறதயும் நிறுத்திட்டாங்க. அப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சு, பொண்டாட்டி செத்துப்போன ஒருத்தருக்கு ரெண்டாந்தாரமா இங்க வந்தேன். நல்ல மனுஷன்தான். ஆனா அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்து பாடினது இன்னைக்குத்தான்.”

“பாட்டு எப்படி…?”

“திட்டு வாங்கின பாட்டாச்சே. மறக்குமா?”

டிவியில் ஏதோ விளம்பரம் அலறியது. அவள் எழுந்து போய் அண்ணனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் வாங்கிப் போன ஆரஞ்சு.

“அந்தப் பையன் போன் பண்ணி நீங்களான்னு கேட்டான். என் வாழ்நாள்ல மொத தடவயா ஒருத்தன் அதக் கோவமில்லாம கேக்குறான். ஆமான்னுட்டேன். ஏச்சு பேச்சு பூரா எனக்கு வந்துச்சு. மாலையும் எனக்கே வரட்டுமே. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மைதான்.

“உங்க அண்ணனுக்கு இப்ப என்ன தெரியும்?”

“ஐம்பது வருஷமா நான்தான்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. இல்லன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப்போச்சு. போகட்டும்.”

வாசல் வரை வந்தாள். “நீங்க எழுந்து சொல்றதுன்னா சொல்லுங்க. நான் தடுக்கல.”

ஜூலை 19, ஞாயிறு

உடம்பு அசதி. மீன் வாங்கப் போகவில்லை.

புஷ்பாவிடம் எல்லாம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“அவ சொன்னது உண்மைன்னு யாரு சொன்னது?”

“ஐயோ கடவுளே.”

ஏன், நியாயமான கேள்விதானே. மாட்டிக்கொண்டதும் எவரும் ஒரு கதை சொல்வார்கள். பெல்ட், சிரம்பான், ரெண்டாந்தாரம், எல்லாம் சீரியல் மாதிரியே இருக்கிறது. அழவும் தெரிந்திருக்கிறது. சாட்சி என்றால் அந்த அண்ணன். அவரைத்தான் 'மெதுவா பேசுங்க' என்று சொல்லி ஒளித்துவைத்துவிட்டாளே!

ஆனால் ராஜு 'யாரோ ஒருத்தி' என்று சொன்னது காதிலேயே இருக்கிறது. கிள்ளானில் எத்தனை மாலாக்கள் இருந்திருப்பார்கள்? நாங்கள் சிரித்துக்கொண்டே கடிதம் படித்த அதே வாரத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்… வேண்டாம்.

ஜூலை 26, ஞாயிறு

ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். விசாரிக்கலாம் என்று. கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. பாதுகாவலர் நேப்பாளி. எதைக் கேட்பது?

திரும்பும்போது சந்தையில் நண்டு. விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தினேஷின் பதிவு இன்று வேறொரு குழுவின் வெள்ளி விழா. அதிலும் முதல் பாடகி யார் என்று சண்டை. எல்லா இடத்திலும் இதே கதைதான் போல.

ஆகஸ்ட் 1, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தினேஷ் நேரில் வந்தான். நாசி லெமாக் வாங்கி வந்தான், எனக்கு, புஷ்பாவுக்கு, தனித்தனிப் பொட்டலம். ஏதோ காரியம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்தது.

“அங்கிள், பழைய ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான். மேடையில ரெண்டு வார்த்த பேசணும். மாலா ஆன்டியப் பத்தி.”

“என்ன பேசணும்?”

“கொஞ்ச பேரு தப்பா கமெண்ட் போடுறாங்க. இவங்க அந்த மாலா இல்ல, டூப்ளிகேட்டுன்னு. நீங்க வந்து, ஆமா இவங்கதான், நான் கூட வாசிச்சேன்னு சொன்னீங்கன்னா settle. கூட்டத்துல நான் மைக்க குடுத்துக் கேப்பேன். ஒரே வார்த்தைதான்.”

பொட்டலத்தை மூடி வைத்தேன். சொல்ல வேண்டிய மேடை தானாக வருகிறது. கையில் மைக். 'இவங்கதானே மாலா?' 'இல்லை, நான்.' இதைவிட நல்ல சந்தர்ப்பம் கேட்டாலும் கிடைக்காது.

“சரி தம்பி, சொல்றேன்” என்றேன். எதைச் சொல்வேன் என்று சொல்லவில்லை.

அவன் போனதும் புஷ்பா: “அந்தம்மாவ மேடையில வச்சு அவமானப்படுத்திட்டு வீட்டுக்கு வந்தா, உங்களுக்குச் சோறு நான் போட மாட்டேன்.”

“என் குரலுடி அது!”

“தெரியும். தெனமும் கேக்குறேன். எனக்குத் தெரிஞ்சா போதாதா?”

போதாது. ஐம்பது வருஷம் அடக்கி வைத்ததற்குச் சமையலறையில் ஒருத்தி போதுமா? நானும் மனுஷன்தான். ஊர் கை தட்ட வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. அவள்மேல் கோபம். ராஜுமேல் அதைவிடக் கோபம், செத்தவன் தப்பித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 8, சனி

நாளை விழா. மீசைக்குச் சாயம் போடவா வேண்டாமா. போட்டேன்.

பாடிப் பார்த்தேன். மேலேயும் வருகிறது. இத்தனை நாள் வராதது இன்றைக்கு ஏன் வருகிறது? இதுவும் நல்லதற்கில்லை.

இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் தூறல், பதினொன்றுக்கு மேல் வெயில். கிள்ளான் மண்டபம், பகல் விருந்து. டத்தோ வர வழக்கம்போல் தாமதம், அதுவரை சிறுமிகள் பரதம். மேசையில் ஆட்டுக்கறி, தயிர்ச் சோறு, ரோஸ் சிரப். சிரப்பில் தண்ணீர் அதிகம்.

எங்கள் மேசையில் நான், புஷ்பா, மாலாவின் மருமகள். என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் தங்கராஜ். இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது யார் என்று பார்த்தேன். தினேஷ்தான். 'குடும்பம் ஒரே மேசை அங்கிள்.'

தங்கராஜ் நல்ல சட்டை, விபூதி. என்னிடம் பேசவில்லை. கறியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

பாட்டு ஒலித்தது. மண்டபம் முழுக்க என் பத்தொன்பது வயது. பின்வரிசையில் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். பெருமையா துக்கமா, எனக்கே தெரியவில்லை. மேடையில் மாலா, பச்சைச் சேலை, தலையைக் குனிந்துகொண்டு. அந்த மூச்சு வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பொன்னாடை போட்டார்கள். மாலை போட்டார்கள். தினேஷ் மைக்கோடு என் மேசைக்கு வந்தான்.

“பொன்வீணையின் மூத்த கலைஞர் குணசேகரன் அங்கிள். நீங்களே சொல்லுங்க, இவங்கதானே நம்ம கிள்ளான் செல்வி மாலா?”

எழுந்தேன். புஷ்பா என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். மேடையில் இருந்தவள் பயப்படவில்லை. அடி விழப்போகிறது என்று தெரிந்து, அதற்குத் தயாராக நிற்கிறவர்கள் மாதிரி நின்றாள். எப்படி நிற்க வேண்டும் என்று முன்பே பழகியவள் போல. அப்போதுதான் நம்பினேன்.

“ஆமா. இவங்கதான்.”

கை தட்டல். உட்கார்ந்துவிட்டேன். போச்சு, ஐம்பது வருஷம் ஒரே வார்த்தையில். புஷ்பா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள்.

தங்கராஜ் கை தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்தார். முதன்முறையாகப் பேசினார்.

“அப்பவே சொன்னேன், இவதான்னு. நான் இல்ல, நான் இல்லன்னு அம்மன் மேல கைய வச்சு சத்தியம் பண்ணா. பொய் சத்தியம்! இன்னைக்கு நீங்களே சபையில சொல்லிட்டீங்க.”

கோபம்கூட இல்லை அந்த முகத்தில். நீண்ட நாள் வழக்கில் ஜெயித்தவனுடைய திருப்தி. அவளுக்கு நான் மாலை கொடுத்தேன் என்று நினைத்தேன். இவருக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“அண்ணே, அத பாடினது நான்.”

“எத?”

“அந்தப் பாட்ட. பொம்பள குரல்ல.”

“சும்மா வெளையாடாதீங்க லா” என்று சிரித்தார்.

நாற்காலியை இழுத்து அவர் காதோடு வாயை வைத்தேன். பாடினேன். முதல் வார்த்தை வரவில்லை. பிறகு வந்தது, அவள் குரல், என் குரல், பல்லவி முழுக்க. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. மருமகள் வாயைப் பிளந்தாள். புஷ்பா டிஷ்யூவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் கையில் இருந்த கறித்துண்டைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார்.

“அப்ப அவ…”

“அவங்க பாடலண்ணே. அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது அத்தனையும் நெசம்.”

அவர் திரும்பிக்கொண்டார். மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே டத்தோ பேசிக்கொண்டிருந்தார், கலை, பாரம்பரியம், ஐம்பது ஆண்டு என்று.

மாலா இறங்கி வந்தாள். பொன்னாடையைச் சரி செய்துகொண்டு, அண்ணன் தட்டைப் பார்த்து, “என்னண்ணே, சாப்பிடல? கறி வேகலையா?” என்று குனிந்தாள். அவர் குழம்புக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பொன்னாடை ஓரம் மஞ்சளானது. விடுங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்க என்றாள். விடவில்லை. அவர் தாடை ஆடியது, கண்ணில் தண்ணீர் இறங்கியது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் சுருங்கியது.

“எங்கண்ணன்கிட்ட என்னத்த சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலம்மா. பழைய பாட்டு ஒண்ணு பாடினேன்.”

நம்பவில்லை.